சட்டத்தின் வாயிலில் தோல் தொழில்

சட்டங்கள் நாடாளுமன்றத்தில் பிறக்கின்றன என்று பாடநூல்கள் கூறும். ஆயின் அவை கருக்கொள்ளும் இடங்கள் வேறு. தொழில் சங்கங்களின் மனுக்களிலும், வரவு செலவுத் திட்டத்திற்கு முந்திய கோரிக்கைக் கூட்டங்களிலும் பல விதிகள் உருப்பெறுகின்றன. இவ்வாறு ஒரு பிரிவினர் தம் நலன் கருதி ஆட்சியாளரை அணுகி இசைவிக்கும் முயற்சியை ‘லாபி’ என்பர். அதன் பொருளியலை வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலை முன்வைத்து ஈண்டுக் காண்போம்.

மான்சர் ஓல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1965இல் வெளியிட்ட நூலில் இதற்கு அடிப்படை வகுத்தார். ஒரு விதியால் பத்து ஆலைகள் தலைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் பெறுவதாகவும், ஐந்து இலட்சம் மக்கள் தலைக்குப் பத்து ரூபாய் இழப்பதாகவும் கொள்வோம். இரண்டும் ஐம்பது இலட்சமே. ஆயினும் ஐந்து இலட்சம் பெறுபவர் தில்லி வரை செல்வார்; பத்து ரூபாய் இழப்பவர் தெருமுனை வரையும் செல்லார். நலன் செறிந்திருக்கும் இடத்தில் சங்கம் தோன்றுகிறது. இழப்பு சிதறிக் கிடக்கும் இடத்தில் மௌனம் நிலவுகிறது.

நம் தொழிலிலும் இதனைக் காணலாம். 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. உள்நாட்டிலேயே தோல் பதனிடப்பெற்று, காலணியாகவும் கைப்பையாகவும் மாறின் வேலைவாய்ப்புப் பெருகும் என்பது நோக்கம். அந்நோக்கம் பெரிதும் நிறைவேறியது என்பதற்கு ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளே சான்று. எனினும், வெளியேற இயலாத பொருளின் விலை உள்நாட்டில் தாழும். அத்தாழ்வு ஆலைக்கு ஆதாயம். ஊர் ஊராகத் தோல் திரட்டுவோருக்கு இழப்பு. அவர்களுக்குத் தில்லியில் குரல் ஏது?

தொழிலுக்குள்ளேயும் நலன்கள் முரண்படுவதுண்டு. பாதி பதனிட்ட ‘கிரஸ்ட்’ தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரி 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. சிறு பதனீட்டாளர்க்கு உதவுதல் காரணமாகக் கூறப்பட்டது. வரி இருந்தால் தோல் மலிவாகக் கிடைப்பது அதனை வாங்கி முழுமையாக்குவோர்க்கு நன்மை. வரி நீங்கினால் விற்போர்க்கு நன்மை. எத்தரப்பின் வாதம் எட்டுகிறதோ, அதுவே விதியாகிறது.

செல்வாக்கைத் தேடுவதிலும் பெருஞ்செலவு உண்டு. உரிமம் பெறும் போட்டியில் உழைப்பும் பணமும் விரயமாவதை ஆன் குரூகர் 1974இல் விளக்கினார். 1964இல் இந்தியாவில் உரிமக் கட்டுப்பாடுகளால் விளைந்த தனி ஆதாயம் நாட்டு வருமானத்தில் 7.3 விழுக்காடு என அவர் மதிப்பிட்டார்.

செறிந்த நலனின் வலிமை, இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராது தாமதப்படுவதிலும் வெளிப்படும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. ஆயினும் பாலாற்றங்கரை நிலங்களும் கிணறுகளும் கழிவுநீரால் கெட்டன. சிதறிக் கிடந்த உழவர் துயரத்தை வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றது. 28-8-1996 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. இழப்பீடு முழுமையாகச் சென்று சேராமையால், 30-1-2025 அன்று அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. சங்கம் சேர்ந்தால் சிதறியோரும் வெல்லலாம். எனினும் வெற்றியின் பயன் கைக்கு வர ஒரு தலைமுறை கழிகிறது.

இதனால் மனுச் செய்தல் தவறென்பது நம் கருத்தன்று. பல்லாயிரம் தொழிலாளர் வாழ்வு இத்தொழிலைச் சார்ந்தது. தொழிலின் இடர்ப்பாட்டை அரசுக்கு உணர்த்துதல் கடமையே. அம்முயற்சி வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அமெரிக்காவில் செல்வாக்குத் தேடுவோர் பதிவு செய்துகொள்ள 1946இலும் 1995இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. மசோதாக்களை முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என 2014இல் மத்திய அரசு வகுத்த கொள்கை உண்டு. அந்த முப்பது நாளைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

தோல் தொழிலால் வளம் பெற்ற பெருமக்கள் இவ்வட்டாரத்தில் கல்விக்கூடங்கள் கண்டனர். கிணறு உவர்த்த உழவரின் பிள்ளைகளும் அவற்றில்தான் பயில்கின்றனர். இருவரும் நம்மவரே. சங்கத்தின் மனுவை எழுதும் மாணவர், அதில் இடம்பெறாதவரின் கணக்கையும் எழுதக் கற்பாராயின், அதுவே கல்வியின் பயன் எனலாம்.