பம்பளிமாஸின் பக்குவம்

ஈப்போவிலிருந்து தம்புன் செல்லும் சாலையில், சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரத்தில், பச்சையும் மஞ்சளும் கலந்த பம்பளிமாஸ் பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கடைகளைக் காணாதவர் பேராக்கில் அரியர். சீனப் புத்தாண்டு நெருங்கினால் அங்கே கூட்டம் தாங்காது. அப்பழத்தின் ரசத்துக்கு மூல காரணங்கள் இரண்டு: மண்ணிலுள்ள தாது உப்புக்கள் ஒன்று, பறிக்கும் காலம் மற்றொன்று.

ஈப்போவில் கல்லுமலை முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றும் இச்சுண்ணாம்புக் கல்லே. மழை நீரில் அக்கல் கரைந்து மண்ணுக்கு அளிக்கும் கால்சியம், பழத்தின் உயிரணுக்களைப் பிணைத்து நிறுத்தும் காரையாக அமைகிறது. ஆயினும் அது நீரோட்டத்தோடு மட்டுமே பயணம் செய்யும் சுபாவமுடையதாதலின், மிகுதியாக நீரை ஆவியாக்கும் இலைகளே அதிற் பெரும்பகுதியைக் கவர்ந்து கொள்ள, பழமோ தன் இளம் பருவத்தில் கிடைத்ததைக் கொண்டே காலங் கழிக்க வேண்டியதாகிறது. சுண்ணாம்பு மிஞ்சினாலும் தீங்குதான்: இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமற் போய், நரம்பு பச்சையாகவே இருக்க இலைப்பரப்பு மட்டும் வெளிறும். பழைய ரப்பர்த் தோட்டங்களின் அமில மண்ணிலோ நிலைமை நேர்மாறு. அங்கே பம்பளிமாஸ் நடுவோர் டோலமைட் சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்த வேண்டும். சாம்பல் சத்து அளவு கடந்தால் தோல் தடித்துப் புளிப்பு ஏறும். போரான் குறைந்தால் தோலடி வெண்பஞ்சில் பிசின் கட்டும்.

இனி, இரண்டாவது காரணமான பறிக்கும் காலத்தில் வெண்ணெய்ப் பழத்துக்கும் பம்பளிமாஸுக்கும் பெரும் பேதமுண்டு. வெண்ணெய்ப் பழம் மரத்தில் முற்றுமேயன்றிக் கனியாது. பறித்த பின்னரே குழையும். ஆகவேதான் கலிபோர்னியாவில் ஹாஸ் ரகத்துக்கு, சதையின் உலர்பொருள் 20.8 சதவீதமேனும் இருத்தல் வேண்டுமென்று விதித்துள்ளனர். பம்பளிமாஸோ பூத்த பின் சுமார் 6 மாதங்கள் மரத்திலேயே இனிப்பைச் சேர்த்துக்கொள்வது; முந்திப் பறித்ததை வீட்டில் வைத்திருந்தால் புளிப்புச் சற்றுத் தணியலாமேயன்றி, புதிதாக இனிப்பு ஊறாது. பிந்திப் பறித்தாலோ, சுளையின் சாற்று மணிகள் ரசம் வற்றிச் சக்கையாகிவிடும்.

எனவே வாசகர்கள் தோலின் மஞ்சளை மட்டும் கண்டு மயங்க வேண்டா. ஒரே பருமனுள்ள இரண்டு பழங்களைக் கைக்கொன்றாக ஏந்திப் பார்த்து, கனமானதையே வாங்குங்கள். சாறு நிறைந்தது அதுவே.