உற்பத்தி நின்றுபோன கைத்துப்பாக்கிகளை வாங்குதல்

தொழிற்சாலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டபின், அருமை கருதிச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பழைய கைத்துப்பாக்கிகள் சேகரிப்புத் துப்பாக்கிகள் எனப்படுகின்றன. நாணயம், அஞ்சல்தலை, கைக்கடிகாரம் போல இவற்றுக்கும் உலகெங்கும் ஆர்வலர்கள் உண்டு. ஆனால் பழைய நாணயத்தை வாங்க ஆசையும் பணமும் போதும். இந்தியாவில் பழைய கைத்துப்பாக்கியை வாங்க அவை போதா. அது எந்தத் தோட்டாவைச் சுடும், யார் பெயரில் உரிமம் இருக்கிறது, பழுது பார்த்தால் மீண்டும் சுடுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வாங்குபவர் பணத்தை மட்டுமன்றித் தம் விடுதலையையும் இழக்க நேரிடும்.

வரலாற்றுப் பின்னணி

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்றும், ஐரோப்பியர்களுக்கு அது தேவையில்லை என்றும் இருந்த பாகுபாடு நாட்டில் பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், ஜமீன்தார்கள் ஆகியோரிடம் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. இன்று நம் நாட்டில் கைமாறும் பழைய துப்பாக்கிகளில் பல அவ்வாறு வந்தவையே.

விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 1962-இல் வந்த விதிகளுக்குப் பதிலாக 2016-இல் புதிய ஆயுத விதிகள் வந்தன. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. பெயர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிகளே திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. வெளிநாட்டில் சாதாரணமாகக் கருதப்படும் ஒரு பழைய துப்பாக்கிக்கு இங்கே மிகுந்த விலை சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். அந்த விலையில் பெரும்பகுதி தட்டுப்பாட்டுக்கான விலையே தவிர, பொருளின் தரத்துக்கான விலை அன்று.

தேடப்படும் வகைகள்

*வெப்ளி அண்ட் ஸ்காட் 0.32 பிஸ்டல்:* இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தயாரிப்பு. 1908-இல் அறிமுகமாகி 1940 வரை உற்பத்தியானது. லண்டன் மாநகரக் காவல்துறை 1911-இல் இதை ஏற்றது.

*கோல்ட் 1903 பாக்கெட் பிஸ்டல்:* அமெரிக்கத் தயாரிப்பு. உற்பத்தி 1945-இல் முடிந்தது. இதுவும் 0.32 அங்குல வகையில் கிடைத்தது.

*வெப்ளி மார்க் 6 ரிவால்வர்:* முதல் உலகப்போரின்போது, 1915-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. 0.455 அங்குலத் தோட்டாவைச் சுடும்.

*லூகர் பி-08:* 1908-இல் ஜெர்மன் தரைப்படை ஏற்ற 9 மி.மீ. பிஸ்டல்.

*என்ஃபீல்டு எண் 2 ரிவால்வர்:* 1930-களில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த 0.380 அங்குல ரிவால்வர்.

முதல் கேள்வி: எந்தத் தோட்டா?

இந்தியச் சட்டம் துப்பாக்கியின் புகழையோ வயதையோ பார்த்து வகைப்படுத்துவதில்லை. அதன் குழல் எந்தத் தோட்டாவை ஏற்றுச் சுடும் என்பதையே பார்க்கிறது. 0.380 அல்லது 0.455 அங்குல விளிம்புத் தோட்டா, படைத்துறை 9 மி.மீ. தோட்டா, 0.45 அங்குல விளிம்பில்லாத் தோட்டா ஆகியவற்றுள் ஒன்றைச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடை செய்யப்பட்ட துளை வகையில் சேரும். படையினரின் தோட்டா வெளியே கசிந்து தனியார் துப்பாக்கியில் பயன்படக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

மேலே கண்ட ஐந்தில் மார்க் 6, லூகர், என்ஃபீல்டு ஆகிய மூன்றும் இந்தத் தடைக்குள் வந்துவிடுகின்றன. உலகச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்பும் போர்க்காலத் துப்பாக்கிகளே இங்கே மூடிய கதவாக இருக்கின்றன. அவற்றுக்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் உள்ளது. சாதாரணக் குடிமகனுக்கு அது எளிதில் கிடைப்பதன்று. 0.32 அங்குல வகைகள் தடையில்லாத் துளையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மாவட்ட அளவிலேயே உரிமம் கோரலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். 0.32 ரிவால்வர் தோட்டாவும் 0.32 பிஸ்டல் தோட்டாவும் பெயரளவில் ஒன்றாகத் தோன்றினாலும் வேறு வேறானவை. முன்னது நீளமானது, அடியில் விளிம்புள்ளது. பின்னது குட்டையானது, பெட்டியில் அடுக்கிச் செலுத்தப்படுவது. ஒன்றை மற்றதில் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாம் கேள்வி: யார் பெயரில் உரிமம்?

உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். துப்பாக்கி எதற்குத் தேவை என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை பெறப்படும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும், வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதற்கான உறுதிமொழியும் தேவை. உரிமம் கிடைத்தபின்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். 'முதலில் வாங்கி வைப்போம், பிறகு எழுதிப்போடுவோம்' என்பது குற்றம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வருவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும். உரிமக் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. தண்டனைகளும் கூடின. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரையும், தடை செய்யப்பட்ட வகையானால் ஏழு முதல் பதினான்கு ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஒரு வரிசையையே உருவாக்கி அடுக்கி வைக்க விரும்பும் சேகரிப்பாளருக்கு இரண்டு என்ற வரம்பே பெருந்தடை.

உரிமம் உள்ள ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கான துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்பவர் தம் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ (நம் வழக்கில் ஆட்சியருக்கோ) அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 45 நாட்கள் கழிந்தாக வேண்டும். 'இன்றே பணம் கொடுங்கள், இன்றே எடுத்துச் செல்லுங்கள்' என்று யாரேனும் அவசரப்படுத்தினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மூன்றாம் கேள்வி: மீண்டும் சுடுமா?

'நூறு வருடத்துப் பழையது, பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?' என்ற பேச்சு பரவலாக உள்ளது. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது 1959 சட்டத்தின் 45-ஆம் பிரிவு. வழக்கொழிந்த அமைப்புடைய, தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று அது கூறுவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைப் பலர் படிப்பதில்லை. துருப்பிடித்து இறுகிய ஒரு ரிவால்வருக்கு எண்ணெய் விட்டு, சுருள்வில் மாற்றினால் சுடும் என்றால், அது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே. தோட்டா இல்லை, கிடைக்காது என்பதும் விடையாகாது. சுடுமா சுடாதா என்பதை முடிவு செய்வது விற்பவரின் வாய்ச்சொல் அன்று. தடய அறிவியல் வல்லுநரின் ஆய்வு. நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வேறு உண்டு. அது வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு தருவதில்லை.

பார்வையிடும்போது கவனிக்க வேண்டியவை

மூன்று கேள்விகளையும் கடந்த பிறகே பொருளைப் பார்க்க வேண்டும். முதலில் வரிசை எண். அது உரிமத்தில் எழுதப்பட்ட எண்ணோடு இலக்கம் மாறாமல் பொருந்த வேண்டும். செய்தவர் பெயரோ எண்ணோ அழிக்கப்பட்ட துப்பாக்கியை விற்பதே குற்றம். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அடுத்து, சட்டகம், மேல்நகர்வுப் பகுதி, குழல் ஆகியவை ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் உண்டு. மெருகு மங்கியிருந்தாலும் பழைய நிறம் அப்படியே இருப்பதைத்தான் சேகரிப்பாளர்கள் மதிக்கின்றனர். புதிதாகச் சாயம் ஏற்றிப் பளபளப்பாக்கினால் மதிப்பு குறையும்.

உற்பத்தி நின்ற துப்பாக்கிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. சுருள்வில் தளர்ந்தாலோ தோட்டாப் பெட்டி நெளிந்தாலோ அது பெட்டிக்குள் தூங்கும் இரும்பாகிவிடும். பழுது பார்ப்பதையும் உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். தற்காப்புக்கு என்றே வாங்குபவருக்கு, 80 ஆண்டுப் பழைய இயந்திரத்தைவிட உள்நாட்டுப் புதிய தயாரிப்பே ஏற்றது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் வெளியிட்ட 'நிர்பீக்' 0.32 ரிவால்வரின் அன்றைய விலை 1,22,360 ரூபாய். எடை ஏறத்தாழ அரைக் கிலோ.

தட்டுப்பாட்டு விலை நிலையானதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெப்ளி அண்ட் ஸ்காட் என்ற அதே பெயரில் 0.32 ரிவால்வர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் இப்போது செய்யப்படுகின்றன. எனவே பெயரைப் பார்த்துப் பழையது என்று நம்பிவிடக் கூடாது. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் யோசிக்க வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலையில் வசிக்கும் ஒருவருக்கு இரு வாய்ப்புகள் வருவதாகக் கொள்வோம். முதலாவது, போளூரில் உள்ள குடும்ப நண்பரான பெரியவர் தம் உரிமத்தில் உள்ள வெப்ளி அண்ட் ஸ்காட் 0.32 பிஸ்டலைப் பெரிய விலைக்குத் தர முன்வருகிறார். இரண்டாவது, இடிக்கப்பட்ட பழைய வீட்டின் இரும்புப் பெட்டியில் கிடைத்த துருவேறிய மார்க் 6 ரிவால்வரைச் சொற்ப விலைக்கு ஒருவர் நீட்டுகிறார்.

முதல் துப்பாக்கி விலை அதிகம்; ஆனால் வழி உண்டு. வாங்குபவர் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து உரிமம் பெற்று, பெரியவர் முன்னறிவிப்புக் கொடுத்து, 45 நாட்கள் காத்திருந்து வாங்கலாம். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பனவற்றையும் கணக்கில் சேர்த்து, தேவைதானா என்று அவரே முடிவு செய்யலாம்.

இரண்டாவது மலிவு, ஆனால் எந்த விலைக்கும் வாங்கக் கூடாதது. துரு நீக்கினால் சுடக்கூடும் என்றால் அது தடை செய்யப்பட்ட 0.455 துளை ஆயுதம். ஏழாண்டுக்குக் குறையாத சிறை அந்தச் சொற்ப விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இத்தகைய பொருள் நம் வீட்டிலேயே கிடைத்தாலும், உரிமம் பெற்ற உறவினர் இறந்தபின் அவர் துப்பாக்கி நம் கைக்கு வந்தாலும், தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். பரம்பரைத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு முறைப்படி விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்க 2016 விதிகள் இடம் தருகின்றன.

வாங்காமல் அறிந்துகொள்ளும் வழி

பழைய துப்பாக்கியின் உண்மையான மதிப்பு அதன் வரலாற்றில் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். 1928-இல் லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட நிகழ்வில் பகத் சிங்கின் கையில் இருந்த 0.32 கோல்ட், எல்லைப் பாதுகாப்புப் படையிடம் இருந்து, பிறகு பஞ்சாபின் உசைனிவாலாவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் உள்ளது. வரிசை எண்ணும் ஆவணமும் இருந்ததால்தான் இவற்றை உண்மையானவை என்று சொல்ல முடிகிறது. கதை மட்டும் சொல்லி விற்கப்படும் துப்பாக்கிக்கு இந்த ஆதாரம் இருப்பதில்லை.

நமக்கு அருகில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடமும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் உள்ளன. பழைய படைக்கலன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் அறிய விரும்பும் மாணவர்கள் அங்கே நிதானமாகப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். சுடும் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் துப்பாக்கிச் சுடும் சங்கங்களில் சேர்ந்து பயிலலாம். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை.

சுருங்கச் சொன்னால், தோட்டா தடையில்லாதது, உரிமம் தெளிவானது, எண் பொருந்துகிறது, தேவை உண்மையானது என்ற நான்கும் அமைந்தால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுவதே அறிவுடைமை.