மாதவிலக்கு வலிக்கு அஞ்சறைப் பெட்டி மருந்து

"பெண்ணாகப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்." மாதவிலக்கு நாளில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் ஆறுதல் இதுதான். அப்படிப் பொறுக்க வேண்டிய அவசியம் இல்லை. சாதாரண வலியை வீட்டிலேயே தணிக்கலாம். மற்றதை டாக்டரிடம் காட்ட வேண்டும். எது எந்த வலி என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

வலி ஏன்?

விலக்கின்போது கருப்பையின் உட்சவ்வு கழன்று வெளியேறுகிறது. அதில் 'புரோஸ்டகிளாண்டின்' என்ற பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. அப்போது தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அடிவயிறும் இடுப்பும் வலிக்கின்றன. ஆகவே இந்த வலி பாசாங்கும் அல்ல, மனப்பிரமையும் அல்ல.

சுக்கின் மகிமை

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள். இந்த வலியைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஈரானில் 150 மாணவிகளிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு இஞ்சிப் பொடி 250 மில்லிகிராம் வீதம் தினம் நான்கு வேளை, மூன்று நாள் கொடுத்தார்கள். மற்ற இரு பிரிவினருக்கும் வலி மாத்திரைகள் கொடுத்தார்கள். மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் தெரிந்தது!

ஒரு துண்டு சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத் தட்டுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சுங்கள். வடிகட்டி, கருப்பட்டி சேர்த்து, இளஞ்சூட்டில் அருந்துங்கள். வலி முற்றும் வரை காத்திராமல் முதல் நாளே தொடங்குவது நல்லது. காரம் பிடிக்காதவர்கள் சோம்பை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்குக் கஷாயம் குடிக்கக்கூடாது.

ஒத்தடம்

கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பது பழைய வழக்கம். வெந்நீர்ப் பையும் வைக்கலாம். அடிவயிற்றில் தொடர்ந்து வைத்த இளஞ்சூடு, 'ஐபுப்ரோபென்' மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்ததென்று 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. தோல் சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷாயம் போதாத வலி

மாதத்துக்கு மாதம் வலி கூடுகிறதா? விலக்கு இல்லாத நாளிலும் வலிக்கிறதா? மணிக்கு ஒரு முறை துணி மாற்றும்படி உதிரம் போகிறதா? காய்ச்சல் உண்டா? உடனே டாக்டரைப் பாருங்கள்.

கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்ற வியாதி, பிள்ளை பெறும் வயதில் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்ற பேச்சிலேயே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளைப்பேறும் பாதிக்கப்படக்கூடும்.

தாய்மார்களே! மகள் வலிக்கிறது என்றால் சுக்கைத் தட்டுங்கள். அது கொதிப்பதற்குள், எத்தனை மாதமாக வலிக்கிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மருந்தைப் போலவே அந்தக் கேள்வியும் அவசியம்.