ஜெராக்ஸும் கள்ளப் பத்திரமும்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டைக் கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், முதலிலிருந்தே பார்ப்போம்.

1993-ல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்க, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் ஆளுக்கொரு கட்டு, டெக் என்பார்கள். அதில் என்னென்ன கார்டு வைப்பது என்பது அவரவர் பாடு. கார்டுகள் மூடிய பாக்கெட்டில் வரும். பிரித்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். சில சாதாரணம், சில அபூர்வம். வேண்டாததை மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். வேண்டியதைத் தனியாக விலை கொடுத்தும் வாங்கலாம்.

ஆக, ஒரே கார்டு இரண்டு வேலை செய்கிறது. ஆட்டத்தில் அது ஒரு விதி: இதை வைத்தால் இன்னது நடக்கும். ஆட்டம் முடிந்து பைக்குள் போனதும் அது சொத்து. ஆரம்பகால விதிகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே கலந்திருந்தன. ஆட்டம் தொடங்கும்போது இருவரும் தங்கள் கட்டிலிருந்து ஒரு கார்டைப் பணயமாக எடுத்து வைப்பார்கள். ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். அந்தப் பணய விதி பின்னால் வழக்கொழிந்தது. கார்டுக்குள் இருக்கும் சொத்து மட்டும் போகவில்லை, பெருகிவிட்டது.

எவ்வளவு பெருகியது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். பிளாக் லோட்டஸ் என்ற கார்டை வைக்க எந்தச் செலவும் கிடையாது. வைத்தவுடன் அதைத் தியாகம் செய்தால் மூன்று மானா (மற்ற கார்டுகளை வைக்கச் செலவாகும் சக்தி, வழக்கமாக நிலக் கார்டுகள் தருவது) கிடைக்கும். அதாவது மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் கைகூட வேண்டிய பலம் முதல் சுற்றிலேயே வந்துவிடும். இது முதலில் வந்த ஆல்ஃபா பதிப்பில் அச்சானது சுமார் 1,100 பிரதிகள்தான். 2021 ஜனவரியில் அதில் ஒன்று ஏலத்தில் 5,11,100 டாலருக்குப் போனது.

இனி அச்சடித்தால் என்ன என்று கேட்பீர்கள். அடிக்க மாட்டோம் என்று நிறுவனமே வாக்குக் கொடுத்திருக்கிறது. 1995-ல் பழைய கார்டுகளைத் திரட்டி க்ரானிக்கிள்ஸ் என்று மறுபதிப்புப் போட்டார்கள். கையிலிருந்த கார்டின் மதிப்பு விழுந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். 1996-ல் ஒரு பட்டியல் வெளியிட்டு, இவற்றை இனி அச்சிடுவதில்லை என்றார்கள். அந்த வாக்கு சேகரிப்பாளரைக் காப்பாற்றியது. விளையாட வருபவரைத் தெருவில் நிறுத்தியது. அண்டர்கிரவுண்ட் சீ என்ற நிலக் கார்டு ஒன்றுக்கே பல நூறு டாலர் ஆகும். லெகசி போன்ற, பழைய கார்டுகளை அனுமதிக்கும் ஆட்ட வகைகளில் அப்படிப் பல தேவைப்படும்.

இந்த இடத்தில்தான் போலி நுழைகிறது. அசலைப் போலவே அச்சிட்ட கார்டு, சில டாலர் விலையில். "நான் யாருக்கும் விற்கப்போவதில்லை, விளையாடத்தான் வாங்குகிறேன், இதில் என்ன பாவம்?" என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான், தட்டிக்கழிக்கக் கூடாது.

நிலப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அதே பத்திரத்தை முத்திரையோடு, கையெழுத்தோடு அசல் போலத் தயாரித்தால் கதை வேறு. கார்டிலும் அந்த வித்தியாசம்தான். ஆட்டக்காரர்கள் ப்ராக்ஸி என்று சொல்வது ஜெராக்ஸ் வகை. வீட்டு பிரிண்டரில் 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் அச்சடித்து, கத்தரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சாதாரண நிலக் கார்டின் மேல் சொருகிவிடுவார்கள். உறையை உருவினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒளிக்க அதில் ஒன்றுமில்லை. கார்டின் விதியை மட்டும் அது இரவல் வாங்குகிறது, சொத்தில் கை வைக்கவில்லை.

போலியின் கதை வேறு. அதைச் செய்கிறவர் எங்கே உழைக்கிறார் என்று பாருங்கள். மேஜிக் கார்டின் பின்பக்கத்தில் ஐந்து நிற வட்டங்கள் உண்டு. பச்சை வட்டத்தை 30 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், செங்கோணமாக மடங்கி நிற்கும் நான்கு சிவப்புப் புள்ளிகள் தெரியும். முன்பக்கத்துக் கறுப்பு எழுத்துகளின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். பல போலிகளில் அந்த விளிம்பு சிறுசிறு புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். 2014-லிருந்து அபூர்வக் கார்டுகளின் அடியில் நீள்வட்ட ஹோலோகிராம் முத்திரை வேறு வருகிறது. போலிக்காரர் இவை அத்தனையையும் நகலெடுக்கப் பாடுபடுகிறார். மேஜையில் விளையாட இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. லென்ஸ் வைத்துப் பார்ப்பவரை ஏமாற்ற மட்டும்தான் தேவை. இணையத்தில் அவரே அதை ப்ராக்ஸி என்று பெயரிட்டு விற்றாலும், உழைப்பு போன திசை மாறிவிடாது.

"விற்கமாட்டேன்" என்ற உறுதியை நான் நம்புகிறேன். ஆனால் அந்த உறுதி கார்டில் அச்சாகியிருக்கவில்லையே. கட்டு தொலையலாம், திருடு போகலாம். பத்து வருடம் கழித்து உங்கள் தம்பி பெட்டியைத் திறந்து, அசலென்றே நம்பி ஒரு கடையில் கொடுக்கலாம். கடைசியில் மாதக்கணக்கில் பணம் சேர்த்து அதை வாங்கிய ஒரு கல்லூரிப் பையனின் கையில் வெறும் காகிதம் மிஞ்சும். நீங்கள் கொடுத்த சில டாலர்தான் அந்த அச்சு இயந்திரத்தை ஓட வைக்கிறது. மோசடிக்காரருக்கும் அதே இயந்திரத்திலிருந்துதான் சரக்கு போகிறது. என்னைப் பொறுத்தவரை, போலியை வாங்குவதே தவறு, விளையாட மட்டும் வாங்கினாலும்.

நிறுவனத்தின் மேல் பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022-ல், முப்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, பிளாக் லோட்டஸ் உள்ளிட்ட பழைய கார்டுகளைப் பின்பக்கத்தை மாற்றி அச்சிட்டார்கள். நான்கு பாக்கெட், மொத்தம் 60 கார்டு, விலை 999 டாலர். அதிகாரபூர்வப் போட்டிகளில் செல்லாது. ப்ராக்ஸியை இந்த விலைக்கு விற்கலாமென்றால் வீட்டில் அச்சடிப்பதில் என்ன தப்பு என்று ஆட்டக்காரர்கள் கொதித்தது நியாயம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சொந்தமாகச் சோதித்துப் பார்க்க, லாப நோக்கில்லாமல் செய்துகொள்ளும் கார்டுகளைத் தேடிப் பிடிக்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று 2016-லேயே அறிவித்திருக்கிறார்கள். அதிகாரபூர்வப் போட்டிக்கு மட்டும் அசல் கட்டாயம். அங்கேகூட, ஆட்டத்தின் நடுவே ஒரு கார்டு சேதமானால் நடுவரே ப்ராக்ஸி எழுதிக் கொடுப்பார், அந்தப் போட்டிக்கு மட்டும். போலியைத் தெரிந்தே கொண்டுவந்தவருக்கோ தகுதிநீக்கம் காத்திருக்கிறது.

நண்பர்களோடு ஆடும்போது இன்னொரு விஷயம் உண்டு. காகிதத்துக்குச் செலவில்லை என்றதும் உலகிலேயே பலமான கார்டுகள் எல்லாம் ஒரே கட்டில் குவிந்துவிடும். கமாண்டர் என்ற ஆட்ட வகையில் நான்கு பேர் உட்காரும் மேஜையில் ஒருவர் அப்படி வந்தால் மற்ற மூவருக்கும் அந்த மாலை வீண். ஆகவே கார்டைக் கலைக்கும் முன்பே, "என்னிடம் ப்ராக்ஸி இருக்கிறது, இன்ன பலத்துக் கட்டு, சரிதானா?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் வேறு கட்டை எடுங்கள்.

ஏமாந்து வாங்கிய போலி ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அதன் முகத்திலேயே அழியாத மையில் "போலி" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். பிறகு நண்பர்களோடு தாராளமாக ஆடுங்கள். தயவுசெய்து அடுத்தவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.