சென்ட் ஆஃப் முடிஞ்சாச்சு, முடிவு இன்னும் ஆகலை: குருமடம் போறதுன்னா என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையார் பக்கம் இருக்கிறவங்க இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். ஞாயிறு பூசை முடியுது. பங்கு ஆபீஸ்ல வேலை பார்க்கிற அண்ணனை முன்னாடி கூப்பிடுறாங்க. ஞானஸ்நான சர்டிஃபிகேட், பூசைக் கருத்து, கல்யாண ஓலை எதுவா இருந்தாலும் இத்தனை நாளும் அவர்கிட்டதான் போவோம். இப்போ அவர் குருமடத்துல சேரப் போறார். சால்வை போடுறாங்க, ஃபோட்டோ எடுக்குறாங்க, "நம்ம வருங்கால ஃபாதர்"னு மைக்ல சொல்றாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க.

அந்த "வருங்கால ஃபாதர்" விஷயத்தைப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறோம்.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும் சேர்ந்தா பங்கு. ஃபாதர் ஆகப் போறவங்க தங்கிப் படிக்கிற இடம் குருமடம். சென்னைக்காரங்களுக்குப் பழக்கமான பேர், பூந்தமல்லி திரு இருதயக் குருமடம். 1936ல ஆரம்பிச்சது. மறைமாவட்டங்கள் இப்படிக் குருமடம் நடத்தணும்னு கத்தோலிக்கத் திருச்சபை முடிவு பண்ணினது 1563ல, திரெந்து சங்கத்துல.

நம்ம ஐ.டி. கம்பெனியில ஒருத்தருக்கு சென்ட் ஆஃப் கொடுக்கிறோம்னா, பெரும்பாலும் அவர் கையில அடுத்த கம்பெனியோட ஆஃபர் லெட்டர் இருக்கும். குருமடம் போறவர் கையில அப்படி எதுவும் கிடையாது. அவருக்கு இன்டர்வியூவே இனிமேல்தான். அது எட்டு, ஒன்பது வருஷம் ஓடும்.

முதல்ல தயாரிப்புக் காலம். 2016ல வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, இது ஒரு வருஷத்துக்குக் குறையாம, ரெண்டு வருஷத்தைத் தாண்டாம இருக்கணும்னு சொல்லுது. அப்புறம் தத்துவம், குறைஞ்சது ரெண்டு வருஷம். நம்ம ஊர்ல நடுவுல ஒரு வருஷம் ஏதாவது பங்குலயோ பள்ளியிலயோ களப்பணிக்கு அனுப்புறது வழக்கம். அதுக்கப்புறம் இறையியல், நாலு வருஷம். கடைசியில திருத்தொண்டர் பட்டம், குறைஞ்சது ஆறு மாசம் கழிச்சு குருப்பட்டம். குருப்பட்டத்துக்கு 25 வயசு முடிஞ்சிருக்கணும்.

இத்தனை வருஷமும் குருமடம் அவரைச் சோதிக்குது, அவரும் தன்னைச் சோதிச்சுப் பார்க்கிறார். திருத்தொண்டர் ஆகுறதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் அவர் கிளம்பி வரலாம், சட்டப்படி அதுல ஒரு தப்பும் இல்லை. ஆனதுக்கு அப்புறம்னா ரோம்ல இருந்து அனுமதி வரணும். அதனாலதான் அந்தப் பட்டத்துக்கு முன்னாடி, "என் சொந்த விருப்பத்துலதான் வர்றேன்"னு அவர் தன் கையாலயே எழுதி கையெழுத்துப் போடணும். யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்திப் பட்டம் வாங்க வைக்கக் கூடாதுன்னு 1983ஆம் வருஷத் திருச்சபைச் சட்டம் 1026ஆம் எண்ல தெளிவா சொல்லுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த அண்ணன் இத்தனை நாள் பார்த்துக்கிட்ட ஞானஸ்நானப் பதிவேடு. ஒருத்தருக்குக் கல்யாணம் ஆனா, அவர் ஞானஸ்நானம் வாங்கின கோயில் பதிவேட்டுல, அவர் பேருக்குப் பக்கத்துல அதைக் குறிப்பாங்க. குருப்பட்டம், திருத்தொண்டர் பட்டம் வாங்கினாலும் குறிப்பாங்க. ஆனா குருமடத்துல சேர்ந்த அன்னிக்கு அங்க எதுவும் எழுத மாட்டாங்க. சட்டத்தோட கண்ணுல அன்னிக்கு எதுவும் முடிவாகலை.

முடிவாயிடுச்சுன்னு நினைக்கிறது நாமதான். அந்தக் கைத்தட்டலே பின்னாடி பாரமா மாறலாம். மூணாவது வருஷம் "இது என் வழி இல்லை"ன்னு அவருக்குத் தோணினா, குருமடத்துல சொல்றது ஈஸி. சால்வை போட்ட பங்குக்கு, அழுது வழியனுப்பின அம்மாவுக்கு எப்படிச் சொல்றது? அந்தக் கூச்சத்துக்காகவே ஒருத்தர் பட்டம் வரைக்கும் போயிட்டா, அது அவருக்கும் கஷ்டம், நாளைக்கு அவர் போகப் போற பங்குக்கும் கஷ்டம்.

அதனால சென்ட் ஆஃப் நல்லா பண்ணுங்க, கேக் வெட்டுங்க, ஜெபம் பண்ணுங்க. "ஃபாதர்"னு மட்டும் இப்பவே கூப்பிட வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க. "போயிட்டு வாங்க"ன்னு நாம சொல்றதுல "வாங்க"வும் இருக்கு இல்லையா? ஒருவேளை அவர் பெட்டியோட திரும்பி வந்தா, "ஏன் வந்துட்டீங்க"ன்னு கேட்காம, "சாப்பிட்டீங்களா"ன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.