திண்ணை இருந்த தெரு

1922 மே மாதம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் மறைந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரமணர் மலைமேல் இருந்த கந்தாசிரமத்திலிருந்து இறங்கி, தாயின் சமாதியருகே தங்கிவிட்டார். அங்கே அப்போது இருந்தது ஓர் ஓலைக்கொட்டகை, அவ்வளவுதான். தேடி வந்த சாதுக்கள் பக்கத்துப் பலாக்கொத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். பிற்பாடு மோர்வி மகாராஜாவின் கொடையில் சாலைக்கு எதிர்ப்புறம் விருந்தினர் விடுதி எழுந்தது. அப்படி வளர்ந்த ரமணாசிரமத்தில் இன்றும் தங்குவதற்கு வாடகை இல்லை, மனமுவந்து கொடுப்பதுதான். பகலில் சாதுக்களுக்கு அன்னம் படைக்கும் வழக்கமும் நிற்கவில்லை.

வெளியே செங்கம் சாலையில் கதை வேறு. வழிப்போக்கர் துண்டை விரித்துப் படுத்த திண்ணைகள் போய், ஏ.சி. அறைகள் வந்துவிட்டன. வெந்நீர் வரும் குளியலறையை வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தவர் கால் நீட்டவேண்டுமென்றால், முதலில் ஆதார் அட்டையை நீட்டவேண்டும்.