கீழாநெல்லி மூட்டையும் புதிய மருந்தும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஆப்பூர் மலை இருப்பதை நம் பகுதி வணிகர்கள் அனைவரும் அறிவர். அந்த மலைக்கு ஔஷதகிரி என்று பெயர். ஔஷதம் என்றால் மருந்து. மருந்து மலைக்கு அருகிலேயே கடை வைத்திருக்கும் நமக்கு மூலிகைச் சரக்கு புதிதல்ல. சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம், நிலவேம்பு என்று பத்துப் பன்னிரண்டு டப்பாக்களாவது இல்லாத மளிகைக் கடை நம் வட்டாரத்தில் அரிது.

"அண்ணாச்சி, கீழாநெல்லி இருக்குதா? பிள்ளைக்கு மஞ்சக்காமாலை" என்று கேட்டு வரும் தாய்மார்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஐம்பது கிராம் நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கிறோம். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது உண்மையிலேயே கீழாநெல்லிதானா என்ற கேள்வி உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிகளிலும் எழுந்தது. அது நம் தொழிலையும் தொடும் கேள்வி என்பதால் இக்கட்டுரை.

சென்னையில் நடந்த சோதனை

மஞ்சள் காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது ஒரு வகை. அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் ஹெபடைடிஸ் பி என்ற கிருமி வேறு வகை. அது சிலர் உடலில் ஆயுள் முழுவதும் தங்கி, வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் ஈரலை அரித்து, கடைசியில் ஈரல் புற்றுநோயில்கூடக் கொண்டுபோய் விடும்.

இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி பாருச் புளூம்பெர்க். அவரும் அவருடன் பணிபுரிந்த வெங்கடேஸ்வரனும் ஃபிலடெல்பியாவில் கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்து 1987ல் கட்டுரை வெளியிட்டனர். சாறு சோதனைக் குழாயில் கிருமியின் வேலையைத் தடுத்தது. இதே வகைக் கிருமி கொண்ட ஒரு விலங்கிலும் பலன் தெரிந்தது.

அடுத்த ஆண்டு நம் சென்னையிலேயே மனிதர்களிடம் சோதனை முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் இக்கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு உலர்ந்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள். மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் தூள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. இந்த முடிவு லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் 1988ல் வெளியாயிற்று.

வெறும் தூள் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தானாகவே தணியும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பத்து நாளில் "குணமாகிவிட்டது" என்றுதான் தோன்றும். குணம் செய்தது மூலிகையா, காலமா என்று பிரித்தறிய வெறும் தூள் உண்ட பிரிவு தேவை. இரண்டு தராசுத் தட்டும் இருந்தால்தானே நிறுவை!

பிறகு என்ன ஆயிற்று?

ஒரு நாட்டில் கிடைத்த முடிவு மற்ற நாடுகளிலும் கிடைக்க வேண்டும். 1990ல் தாய்லாந்தில் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. 1994ல் நியூசிலாந்திலும் அவ்வாறே. 2011ல் இத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஒன்றாகச் சீர்தூக்கிப் பார்த்த மதிப்பீடு, நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி பயன்படும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

எங்கே பிசகியது என்பதற்கு ஒரே விடை சொல்ல முடியாது. ஆயினும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கேட்ட கேள்விகள் நம் கடைக் கேள்விகளாகவே இருந்தன. எந்த மண்ணில் விளைந்த செடி? எந்தப் பருவத்தில் பறித்தது? எப்படி உலர்த்தியது? எல்லாவற்றுக்கும் மேலாக, அது எந்தச் செடி?

கீழாநெல்லிக்கு நம் நாட்டு நூல்கள் நெடுங்காலம் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று பெயர் எழுதி வந்தன. 1987ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அந்தப் பெயர்தான். ஆனால் உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, அது இந்தியாவில் விளைவதில்லை என்று தாவரவியலார் தெளிவுபடுத்தினர். நம் வயல் வரப்பில் முளைப்பது 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. 1988 சென்னைக் கட்டுரையில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. பெயர் தவறினால் வெளிநாட்டில் ஒருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது வேறு செடியை எடுத்துவிடுவார். அப்புறம் பலன் வந்தாலும் பொருளில்லை, வராவிட்டாலும் பொருளில்லை.

கடைகளில் வாங்கிப் பார்த்தார்கள்

நூலில் இருந்த குழப்பம் மூட்டையிலும் இருக்கிறதா என்று தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து கீழாநெல்லிச் சரக்கு வாங்கிச் சோதித்தனர். 2010ல் வெளியான அந்த ஆய்வு, செடியின் மரபணுவையும் வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ நாலில் மூன்று பங்குக் கடைகளில் சரக்கு சரியாகவே இருந்தது. இது நம் வணிகர்களுக்குப் பெருமை. மீதி நாலில் ஒரு பங்கில் மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி முதலிய இனச் செடிகள் இருந்தன.

இது பெரும்பாலும் வேண்டுமென்று செய்யும் கலப்படம் அல்ல. இந்தச் செடிகள் ஒரே வயலில், ஒரே மழையில், பக்கத்தில் பக்கத்தில் முளைப்பவை. பறிப்பவர் கைக்கு எது வந்ததோ அது கட்டில் சேர்கிறது. பச்சையாக இருக்கும்போது கவனித்தால் வேறுபாடு தெரியும். சிவப்புக் கீழாநெல்லியின் தண்டு செம்மை படர்ந்தும், காய் சொரசொரப்பாகவும் இருக்கும். கீழாநெல்லியின் காய் வழுவழுப்பாக, சிறு காம்பில் இலைக்கடியில் தொங்கும். காய்ந்து நொறுங்கித் தூளான பிறகு எவராலும் கண்ணால் சொல்ல முடியாது.

நினைத்தது ஒன்று, கிடைத்தது ஒன்று

அப்படியானால் மூலிகையில் புதிய மருந்தே கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்கும் நித்தியகல்யாணியே சாட்சி.

மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தனர். கனடாவில் நோபிள், பீர் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு 1958ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963 முதல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டு வருகிறது.

பிரித்தெடுப்பது எளிதன்று. கஷாயத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கும். அதைப் பத்துப் பங்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள். பலன் காட்டும் பங்கை மறுபடி பத்தாகப் பிரிப்பார்கள். கடைசியில் ஒற்றைப் பொருள் மிஞ்சும். ஒரே ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவைப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலத்து நித்தியகல்யாணி இலையும் வேரும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது இதனால்தான்.

மண் பொட்டலம்

செடியைப் போலவே மண்ணும் மருந்து தந்திருக்கிறது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனை, மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளால் வருவது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடுகின்றன. அவற்றில் சில, அக்கம்பக்கத்தை ஒடுக்க ஒரு பொருளைச் சுரக்கும். நோய்க்கிருமியை அழிக்கும் மருந்தாக நாம் பயன்படுத்துவது அதைத்தான். காசநோய்க்கு முதல் வலுவான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் இவ்வழியே கண்டறியப்பட்டது.

தேடும் முறை எளிது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பாகு போன்ற உணவு பரப்பிய தட்டில் தடவுவார்கள். நுண்ணுயிர்கள் புள்ளி புள்ளியாக வளரும். நோய்க்கிருமி பரப்பிய தட்டில் எந்தப் புள்ளியைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் விழுகிறதோ, அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் ஆதரவில் டக்கர் என்ற முதிய தாவரவியலார் பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசூரி பல்கலைக்கழகப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பொட்டலத்தில் ஆரியோமைசின் மருந்தைத் தரும் நுண்ணுயிர் கிடைத்தது. இன்றும் மருந்துக் கடைகளில் விற்கும் டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு அதுவே முதல் மருந்து. 1948ல் அது வெளிவந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

இதில் வணிகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மண் 23ஆம் எண் பாத்தியில் எடுத்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அதில் கிடைத்த நுண்ணுயிருக்கு ஏ-377 என்று எண் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது, எந்த எண் என்று எழுதாமல் குவித்திருந்தால், கிடைத்த மருந்து கைநழுவியிருக்கும்.

நாம் செய்யக் கூடியவை

ஆராய்ச்சி செய்வது நம் வேலையல்ல. ஆனால் சரக்கின் பெயர் நம் கையில்தான் இருக்கிறது.

முதலாவதாக, மூலிகையைத் தூளாகக் கொள்முதல் செய்ய வேண்டாம். முழுச் செடியாக, கட்டாக வாங்குவோம். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளை வளர்த்துப் பேணி வருகிறது. செடியை வேரோடு அறிந்த இத்தகையவர்களிடமிருந்து நாமும் நம் பிள்ளைகளும் அடையாளம் கற்றுக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக, மூட்டை வந்த அன்றே பெயர், வந்த ஊர், தேதி மூன்றையும் அட்டையில் எழுதிக் கட்டுவோம். பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் ஒன்றாகக் கொட்ட வேண்டாம். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் உலர்த்தி விற்கக் கூடாது. பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலையே கெடுக்கும். ஈரலுக்கு மருந்து கேட்டு வந்தவருக்கு அதைக் கொடுப்பது பாவம்.

மூன்றாவதாக, சந்தேகம் வந்தால் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலோ காட்டிக் கேட்கலாம். கேட்பதில் குறைவில்லை.

நான்காவதாக, "இது புற்றுநோயைப் போக்கும், சர்க்கரையைப் போக்கும்" என்று பலகை எழுத வேண்டாம். இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பொருளை விற்போம், நோயைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக அந்தத் தாய்க்கு வருவோம். கீழாநெல்லி கேட்டால் நல்ல சரக்காகக் கொடுப்போம். கூடவே, "தங்கச்சி, பிள்ளைக்கு எந்தக் காமாலைன்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டிடு" என்று ஒரு வார்த்தை சொல்வோம். பெரியவர்களானாலும் இதே சொல்தான். ஹெபடைடிஸ் பி கிருமியை அடக்கி வைக்க இன்று மாத்திரைகள் உண்டு. பிறந்த குழந்தைக்கே தடுப்பூசியும் போடப்படுகிறது. ஐம்பது கிராம் கீழாநெல்லியில் நமக்குக் கிடைக்கும் லாபம் சில ரூபாய். அந்த ஒரு வார்த்தையால் ஒரு பிள்ளை பிழைத்தால் அந்தக் குடும்பம் நம் கடையை மறக்காது.